நீராடும் தெய்வம், தைலம் பூசும் தெய்வம்

தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 90 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 அன்று மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8 வரை இந்தச் சாலையில் காவி உடுத்தி நடந்துபோகும் கூட்டம் ஓயாது. தஞ்சையை விட்டு வெளியேறிய சற்று நேரத்தில் அவர்கள் புன்னைநல்லூரைக் கடக்கிறார்கள். நடந்து வந்த கால்களோடு மாரியம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

காவிரிக் கரைக் கோயில்கள் பலவற்றில் மூலவர் நீராடாத நாள் அரிது. பால், தயிர், சந்தனம், இளநீர் என்று அபிஷேகம் நடக்கும். புன்னைநல்லூர் மூலவருக்கோ அபிஷேகமே கிடையாது. அந்த அம்மன் புற்று மண்ணால் ஆனவள். அவளுக்குத் தைலக்காப்புதான். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அவள் திருமேனிக்குத் தைலம் சாத்துகிறார்கள். அந்த நாள்களில் மூலவரைத் திரையிட்டு மறைத்து, வெண்துணியில் அம்மனை எழுதி அதற்கே அர்ச்சனை செய்கிறார்கள். அதே கோயிலில் அம்மனின் உற்சவத் திருமேனிக்கும் விஷ்ணு துர்க்கைக்கும் அபிஷேகம் வழக்கம்போல் நடக்கிறது.

ஒரே கூரையின் கீழ் ஒரு தெய்வத்துக்குத் தண்ணீர், இன்னொரு தெய்வத்துக்கு எண்ணெய். மரபு என்று இதைச் சொல்லலாம், அது சரியே. ஆனால் அந்த மரபுக்குள் பொருள்களைப் பற்றிய துல்லியமான அறிவு ஒன்று உறைந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கிரேக்க நாட்டின் ஒரு மாபெரும் தெய்வச் சிலையின் காலடிக்குப் போய்வர வேண்டும்.

ஒலிம்பியாவின் எண்ணெய்த் தொட்டி

கிரேக்கத்தின் மேற்கே, இரண்டு ஆறுகள் கூடும் தாழ்நிலத்தில் ஒலிம்பியா இருக்கிறது. ஒலிம்பிக் போட்டிகள் பிறந்த ஊர். அங்கே கி.மு. 456 வாக்கில் ஜீயஸுக்கு ஒரு பெருங்கோயில் எழுந்தது. சில பத்தாண்டுகளுக்குப் பிறகு ஃபீடியாஸ் என்ற சிற்பி அதனுள் அமர்ந்த நிலையில் ஜீயஸின் சிலையைச் செய்தார். உயரம் ஏறத்தாழ 40 அடி. தலை கூரையைத் தொடும் அளவுக்கு இருந்ததால், இந்தக் கடவுள் எழுந்து நின்றால் கோயில் கூரை பெயர்ந்துவிடும் என்று ஸ்டிராபோ என்ற புவியியலாளர் எழுதினார். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

அவ்வளவு பெரிய உருவம் கல்லாலோ வெண்கலத்தாலோ ஆனதன்று. உள்ளே மரச்சட்டம். அதன்மேல் முகம், மார்பு, கை, கால் ஆகிய இடங்களில் யானைத் தந்தத்தின் மெல்லிய தகடுகள். ஆடைக்குப் பொன் தகடுகள். ஒலிம்பியாவில் 1950-களில் நடந்த அகழாய்வில் ஃபீடியாஸின் பட்டறையே வெளிப்பட்டது. ஆடையின் மடிப்புகளை உருவாக்கப் பயன்பட்ட சுடுமண் அச்சுகள், தந்தத் துணுக்குகள், கருவிகள் ஆகியவற்றோடு, ‘நான் ஃபீடியாஸுக்குச் சொந்தம்’ என்ற பொருளில் எழுத்துப் பொறித்த ஒரு சிறு குவளையும் கிடைத்தது.

சிலை எழுந்து ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், பௌசானியஸ் என்ற பயணி அங்கே போனார். சிலைக்கு முன்னால் தரையில் கறுப்பு நிறக் கல் பாவி, சுற்றிலும் வெள்ளைப் பளிங்கில் விளிம்பு கட்டியிருந்ததையும், அந்த விளிம்புக்குள் ஆலிவ் எண்ணெய் நின்றதையும் அவர் கண்டார். ஒலிம்பியா சதுப்பு நிலம். அதன் ஈரம் தந்தத்தைக் கெடுக்காமலிருக்க எண்ணெய் என்று அவருக்கு விளக்கம் கிடைத்தது. அதே ஃபீடியாஸ் ஏதென்ஸ் நகரத்தின் குன்றின்மேல் செய்த ஏதெனா சிலைக்கு எண்ணெய் இல்லை, தண்ணீர். அந்தக் குன்று உயரமானது, வறண்டது என்பதால் தந்தத்துக்கு ஈரம் தேவைப்பட்டது. எபிடாரஸ் என்னும் ஊரில் மருத்துவக் கடவுளின் சிலைக்கு இரண்டுமே இல்லை. சிலை ஒரு கிணற்றின்மேல் அமர்ந்திருக்கிறது என்று அங்குள்ள பூசாரிகள் காரணம் சொன்னார்கள்.

மூன்று ஊர், மூன்று காற்று, மூன்று ஏற்பாடு. தந்தம் ஒன்றே என்றாலும் இடத்தின் ஈரத்துக்கேற்பப் பராமரிப்பு மாறியிருக்கிறது. பௌசானியஸ் விட்டுச்சென்ற இந்தக் குறிப்பு, சிலைப் பாதுகாப்புப் பற்றி உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று.

ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும் பொருள்கள்

தந்தம் உயிருள்ள பல்லின் பகுதி. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் கலந்த கனிமத் துகள்கள் கொலாஜன் என்னும் புரத இழைகளின்மேல் படிந்து அது உருவாகிறது. யானை இறந்த பிறகும் அந்தப் புரத இழைகள் காற்றிலுள்ள நீராவியை உள்ளிழுக்கும், வெளிவிடும். காற்று ஈரமானால் தந்தம் பருக்கும். காற்று உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஒரு அளவு, குறுக்குவாக்கில் வேறு அளவு. அதைத் தாங்கும் மரச்சட்டமும் இப்படியே. மரம் நார்வாக்கில் ஏறக்குறைய நீள்வதே இல்லை. நாருக்குக் குறுக்கே பல மடங்கு நீளும். தந்தமும் மரமும் வெவ்வேறு அளவில் அசையும்போது, அவை ஒட்டியிருக்கும் இடத்தில் இழுவிசை பிறக்கிறது. அது வளர்ந்து வளர்ந்து ஒருநாள் விரிசலாகிறது.

ஜீயஸுக்கு அது நடந்தே விட்டது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தந்தத் தகடுகள் விலகத் தொடங்கியபோது, மெஸ்ஸீனி நகரத்துச் சிற்பி டேமோஃபோன் வந்து அவற்றைச் சீர்செய்தார். அதற்காக அவருக்குச் சிறப்புச் செய்தார்கள்.

ஈரம் அதிகமா குறைவா என்பதைவிட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே இங்கே முக்கியம். ஆண்டு முழுவதும் ஒரே ஈரத்தில் இருக்கும் தந்தம் நெடுங்காலம் நிற்கும். காலையில் ஈரமும் மாலையில் வறட்சியுமாக அலைக்கழிந்தால் சீக்கிரம் பிளக்கும். தந்தத்தின்மேல் எண்ணெய் பூசினால் நுண்துளைகள் நிறைகின்றன. நீராவி உள்ளே போவதும் வெளியே வருவதும் நிற்பதில்லை, ஆனால் மெதுவாகிறது. வெளியே காற்று ஒரு நாளில் பத்து முறை மாறினாலும், உள்ளே அதன் சராசரி மட்டுமே போய்ச் சேரும்.

ஆலிவ் எண்ணெய் ஆவியாகாது. ஆகையால் தரையில் தேங்கி நின்ற எண்ணெய் தானாகக் காற்றின் ஈரத்தை மாற்றியிருக்க முடியாது. சிலைமீது பூசிய எண்ணெய் வழிந்து வந்து சேரவும், மீண்டும் எடுத்துப் பூசவும் அந்தத் தொட்டி பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏதென்ஸின் தண்ணீர்த் தொட்டியின் வேலை வேறு. தண்ணீர் ஆவியாகி மூடிய கருவறையின் ஈரப்பதத்தை உயர்த்தும். ஒன்று பூச்சு, மற்றது காற்றைத் திருத்தும் வழி. இன்றைய அருங்காட்சியகங்கள் கையாளும் இரண்டு உத்திகளும் இவையே.

கல் இல்லாத நாட்டில் மண்ணின் தெய்வம்

மீண்டும் புன்னைநல்லூருக்கு வருவோம். காவிரிச் சமவெளியில் எங்கே தோண்டினாலும் வண்டல், மணல், களி. பாறை கிடைக்காது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல் முழுவதும் மேற்கிலும் தெற்கிலும் உள்ள பாறை நிலங்களிலிருந்து வந்து சேர்ந்தது. அப்படி ஒரு பேரரசின் வலிமை இல்லாத இடங்களில், காலடியில் கிடைக்கும் மண்ணிலேயே தெய்வம் வடிவம் கொண்டது. ஐயனார் கோயில் குதிரைகளும் மதுரை வீரனும் சுதையும் சுடுமண்ணுமாக நிற்பது இதனால்தான்.

புற்று மண் சாதாரண மண் அன்று. கறையான் ஆழத்திலிருந்து நுண்ணிய களித்துகள்களைத் தேர்ந்து மேலே கொண்டுவந்து, உமிழ்நீரால் ஒட்டிக் கட்டுகிறது. அதனால்தான் மழையில் புற்று எளிதில் கரைவதில்லை. ஆனாலும் அதன் அடிப்படை களிமண். களிமண்ணின் கனிமங்கள் தகடு தகடாக அடுக்கப்பட்டவை. அந்தத் தகடுகளுக்கு இடையே நீர் நுழைந்தால் மண் பருக்கும், வெளியேறினால் சுருங்கும். அறுவடை முடிந்து வெயில் ஏறிய பிறகு டெல்டா வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். வயலில் நடப்பது கருவறையில் நடந்தால் திருமேனி தாங்காது. நாள்தோறும் குடம் குடமாக நீர் ஊற்றினால் சில மாதங்களில் மண் இளகும்; ஊற்றி உலர்த்தி ஊற்றினால் அதற்கு முன்பே விரிசல் விடும்.

ஆகவே தைலம். சாம்பிராணித் தைலம், புனுகு, சவ்வாது, அரகஜா ஆகியவை சேர்ந்த காப்பு அம்மனுக்குச் சாத்தப்படுகிறது. எண்ணெய்க்கும் நீருக்கும் ஒட்டுறவு இல்லை. எண்ணெய் மூலக்கூறுகளின் நீண்ட கார்பன் சங்கிலி நீரை விலக்கும். மண்ணின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியபின் நீராவி உள்ளே போக வழி குறுகுகிறது. சாம்பிராணி மரப்பிசின், அது இறுகித் துகள்களைப் பிணைக்கிறது. வாசனைக்காகச் சேர்ப்பதாக நாம் நினைக்கும் பொருள் கட்டுமானப் பொருளாகவும் வேலை செய்கிறது.

48 நாள் என்ற கணக்கும் சிந்திக்கத் தக்கது. எண்ணெய் ‘காய்கிறது’ என்று சொல்கிறோமே, அது நீர் காய்வதுபோல் ஆவியாவதால் நடப்பதன்று. எண்ணெயிலுள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் காற்றின் ஆக்சிஜனை மெல்ல வாங்கி, ஒன்றோடொன்று பிணைந்து, பிசுபிசுப்பான படலமாகின்றன. எண்ணெயின் இயல்பைப் பொறுத்து இதற்குச் சில நாள் முதல் பல வாரங்கள் வரை பிடிக்கும். தடவித் தடவி ஊறவிட்டு, ஒவ்வொரு படலமும் இறுக நேரம் கொடுத்து, அந்த நாள்களில் கூட்டத்தின் பார்வையையும் தீபத்தின் சூட்டையும் விலக்கி வைப்பது, வேதியியல் கேட்கும் நிதானத்தோடு அப்படியே பொருந்துகிறது. மண்டலம் என்பது விரதத்துக்கும் மருந்துக்கும் உரிய காலம் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். தைலத்துக்கும் அது உரிய காலமே.

கோடையில் அம்மனின் முகத்தில் முத்து முத்தாக வியர்வை அரும்பும் என்பது புன்னைநல்லூரின் புகழ்பெற்ற சிறப்பு. பக்தர்கள் அதைத் தாயின் உயிர்ப்பாகக் காண்கிறார்கள். அந்த அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்தபடியே, அதனுள் இயங்கும் இயற்பியலையும் வியக்கலாம். 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று, 26 டிகிரிக்குக் கீழே உள்ள பரப்பைத் தொட்டால் தன் நீரை அங்கே துளியாக விடும். காற்று 33 டிகிரியும் 80 சதவீதமுமாக இருந்தால் 29 டிகிரியே போதும். கனத்த மண் உருவம் மெதுவாகச் சூடேறுவது. இரவின் குளிர்ச்சி அதனுள் நெடுநேரம் தங்கும். கோடைப் பிற்பகலில் கிழக்கேயிருந்து ஈரமான கடல்காற்று வருகிறது. உள்ளே நிற்கும் ஒவ்வொருவரின் மூச்சும் தோலும் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. மண்ணில் படியும் நீரை மண்ணே குடித்துவிடும். தைலம் ஊறிய மண் குடிக்காது. எண்ணெய்ப் பரப்பில் நீர் பரவாமல் உருண்டு நிற்கும். முத்து முத்தாகத் தெரிவது காப்பு சரியாக வேலை செய்கிறது என்பதன் அடையாளமும் ஆகும்.

சுதைக்கும் அத்திக்கும் வேறு வேறு வழி

காவிரி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள ஸ்ரீரங்கத்திலும் இதே விதி உண்டு. பள்ளிகொண்ட பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்ட சுதைக்குத் தண்ணீரும் பாலும் தயிரின் புளிப்பும் ஆகா. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். அதனால் திருமஞ்சனம் எல்லாம் உற்சவர் நம்பெருமாளுக்கு, மூலவருக்குத் தைலக்காப்பு. ஆனியில் ஜேஷ்டாபிஷேகத்தையொட்டி அது நடந்தபின் பல வாரங்கள் பெருமாளின் திருமேனி மூடியிருக்கும். திருமுக தரிசனம் மட்டுமே. திருவடி சேவிக்கக் காத்திருக்க வேண்டும். புன்னைநல்லூரில் சக்தி வழிபாடு, ஸ்ரீரங்கத்தில் வைணவ மரபு. சடங்கின் மொழி வேறு வேறு, பொருளறிவு ஒன்றே.

காஞ்சிபுரத்து அத்திவரதருக்கோ முற்றிலும் மாறான வழி. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீரடியில் வைக்கப்பட்டிருக்கும் அத்திமரத் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருகிறது. 1979-க்குப் பின் 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் நடந்தது. மண்ணுக்கு நஞ்சான தண்ணீர் மரத்துக்கு எப்படி அரணாகிறது? மரத்தை அரிப்பவை பூஞ்சையும் கறையானும். இரண்டுக்கும் ஈரத்தோடு ஆக்சிஜனும் வேண்டும். குளத்தின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஈரமும் அங்கே மாறாது. எப்போதும் நனைந்திருக்கும் மரமும் எப்போதும் உலர்ந்திருக்கும் மரமும் நீடிக்கும். நனைந்து நனைந்து காய்வதுதான் மரத்தைக் கொல்லும். ஃபீடியாஸின் தந்தத்துக்குச் சொன்ன அதே பாடம்.

நீருக்கு அஞ்சாத கல்

தஞ்சைப் பெரிய கோயிலில் 1010-இல் ராஜராஜன் பணிநிறைவு செய்து வைத்த மகாலிங்கமும், நாயக்கர் காலத்து ஒற்றைக்கல் நந்தியும் கருங்கல்லின் பெருமையைச் சொல்பவை. நந்தியின் எடை சுமார் 25 டன் என்று கணக்கிடுகிறார்கள். பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து, படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து இறுகியது கருங்கல். அதன் துளைகள் மொத்தக் கனஅளவில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. நீர் உள்ளே புக இடமில்லாததால் பருப்பதும் சுருங்குவதும் இல்லை. தயிரின் மென்மையான அமிலம் அதன் சிலிகாப் படிகங்களை ஒன்றும் செய்வதில்லை. ஆயிரம் ஆண்டு அபிஷேகத்தை அது தாங்குகிறது.

இப்போது விதி தெளிவாகிறது. கல்லுக்கு நீர். மண்ணுக்கும் சுதைக்கும் தைலம். ஊறிய மரத்துக்குக் குளம். அபிஷேகமா, தைலக்காப்பா என்று சடங்கு வகுக்கும் முறை, திருமேனி எதனால் ஆனது என்பதைக் கேட்டுத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

உப்புக் காற்றில் வெண்கலம்

வேளாங்கண்ணிச் சாலை திருவாரூரைத் தாண்டிக் கீழ்வேளூரைக் கடக்கும்போது காற்றின் வாடை மாறும். நாகப்பட்டினத்தில் காற்றே உப்பு. அலை உடையும்போது நுரையின் குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறிகின்றன. அவற்றில் உள்ள உப்பு கரையோரத்துப் பரப்புகளில் எல்லாம் படிகிறது. சமையல் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை வாங்கித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோரத்தில் காற்று அவ்வளவு வறள்வது மிக அரிது. ஆகவே அங்கே உப்புப் படிந்த பரப்பு முழுவதுமாக உலர்வதே இல்லை.

இந்த நாகப்பட்டினத்தில்தான் ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்தது. அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை ராஜராஜன் வழங்கியதை, ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் நெடுங்காலம் இருந்த செப்பேடுகள் சொல்கின்றன. எஞ்சியிருந்த செங்கல் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856-இலிருந்து 1930-கள் வரை இந்த ஊர் மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது.

உப்பு மண்ணில் நூற்றாண்டுகள் புதைந்திருந்த செம்புக் கலவைக்கு ஒரு நோய் வரும். வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். மண்ணின் குளோரைடு உள்ளே நுழைந்து செம்போடு சேர்ந்து செம்புக் குளோரைடாகப் படிந்திருக்கும். மண்ணுக்குள் இருந்தவரை அது உறங்கும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தொடுகின்றன. வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடியும் குளோரைடாக்குகிறது. அது மீண்டும் ஈரத்தோடு வினைபுரிகிறது. குளோரைடு தீர்ந்துபோவதில்லை, சுழன்று சுழன்று அதே வேலையைச் செய்யும். ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த முகம், சில பத்தாண்டுகளில் பொடியாக உதிர்ந்துவிடக்கூடும்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒரு தமிழர் இருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இந்தியாவின் முன்னோடி ஆய்வகம். அதை உருவாக்கியவர் வேதியியலாளர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களின் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்தவரும் அவரே. நோயுற்ற படிமங்களுக்கு அவர் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். படிமத்தைக் காரக் கரைசலில் அமிழ்த்தி எதிர்மின்வாயாக இணைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு படிமத்தை விட்டு விலகி எதிர்ப்புறம் ஓடும். நோயின் வேர் வெளியேறிவிடும். அதன்பின் காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் மிச்சம் மீதி இருக்கும் குளோரைடும் அடங்கிக் கிடக்கும்.

வழிபாட்டில் உள்ள செப்புத் திருமேனிகள் இந்தச் சுழலில் சிக்காமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. அடிக்கடி நீராட்டித் துடைத்து உலர்த்துவதால் உப்பு தங்க நேரம் கிடைப்பதில்லை. புளியிட்டுத் தேய்க்கும்போது அதிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்தெடுக்கிறது. இதற்கு ஒரு விலையும் கொடுக்கிறோம். தேய்க்கத் தேய்க்க, மூக்கின் கூர்மையும் ஆபரணத்தின் வேலைப்பாடும் மழுங்கிக்கொண்டே வரும். மென்மையான துணியும் அளவான கையும் அங்கே அவசியம்.

பொன் மட்டும் காற்றுக்கு அஞ்சாது. உப்போ ஈரமோ ஆக்சிஜனோ அதைத் தொடுவதில்லை. அதன் ஆபத்து மனிதனிடமிருந்து வருகிறது. ஏதெனாவின் ஆடையில் 40 தாலந்து பொன், அதாவது ஒரு டன்னுக்கு மேல், கழற்றி மாட்டும் வகையில் பொருத்தியிருந்தார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகாரீஸ் என்ற ஆட்சியாளன் படைக்குக் கூலி கொடுக்க அதைக் கழற்றிக்கொண்டான். நாகையிலிருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கொண்டுபோய் ஸ்ரீரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தியதாக வைணவ குருபரம்பரைக் கதை சொல்கிறது. மண்ணால் ஆன மாரியம்மனிடம் கள்வனுக்கு வேண்டியது எதுவும் இல்லை.

நாகையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, கடலுக்கு மிக அருகில், வேளாங்கண்ணி. 1962-இல் பசிலிக்கா என்ற தகுதி பெற்ற ஆலயம். சேலை உடுத்தி, கையில் குழந்தையோடு நிற்கும் அன்னையின் உருவம் சிறியது. ஜீயஸின் பாதத்துக்கு முன் வைத்தால்கூடச் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் இந்தச் சாலையில் மிகக் கடுமையான காற்று வீசும் இடம் இதுதான். அங்கே அந்தச் சேலையே ஒரு காப்பு. பட்டும் பருத்தியும் ஈரத்தை வேகமாக வாங்கி வேகமாக விடக்கூடியவை. உருவத்துக்கு முன்னால் நின்று ஈரத்தின் ஏற்ற இறக்கத்தையும் உப்புத் துகளையும் துணி முதலில் தான் ஏற்றுக்கொள்கிறது. சேலையை மாற்றும்போது உப்பும் அதோடு போகிறது. பக்தர்கள் காணிக்கையாகச் சேலை கொண்டுவருவது அன்பினால். அந்த அன்பு உருவத்துக்கு நலமும் செய்கிறது.

கைமாறி வரும் பொறுப்பு

பௌசானியஸ் இன்னொரு செய்தியும் சொல்கிறார். ஒலிம்பியாவில் ஜீயஸின் சிலையில் படிவதைத் துடைத்து மெருகு குன்றாமல் வைக்கும் உரிமை ஒரு குடும்பத்துக்கு இருந்தது. அவர்கள் ஃபீடியாஸின் வழிவந்தவர்கள். சிற்பி இறந்து பல நூற்றாண்டுகள் ஆனபின்னும் அவர் சந்ததி எண்ணெயோடு அந்தச் சிலைமுன் நின்றது. சிலை எண்ணூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலைத்ததற்கு அவர்கள் பெரிய காரணம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் பழைய வழிபாடுகள் தடைப்பட்டபோது அந்தக் கைகளும் விலகின. பிறகு சிலை கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுபோகப்பட்டு, 475-இல் மூண்ட தீயில் அழிந்தது என்று சொல்லப்படுகிறது.

நம்மிடம் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. தைலம் காய்ச்சத் தெரிந்தவர், எந்த நாளில் எவ்வளவு சாத்துவது என்று அறிந்தவர், திருமேனியைத் தொட்டே அதன் நிலையைச் சொல்லக்கூடிய அர்ச்சகர் இருக்கிறார்கள். காவிரியின் நுண்ணிய வண்டலில் அச்செடுத்துச் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் சுவாமிமலையில் இருக்கிறார்கள். அவர்கள் அறிவின் பெரும்பகுதி எழுத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

அதனால்தான் இன்றைய சில மாற்றங்கள் கவலை தருகின்றன. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் ஈரம் அடைபட்டு, உப்பைக் கரைத்துக்கொண்டு வேறு வழியாக வெளிவரும். கூட்ட நேரத்தில் மட்டும் ஓடி இரவில் நிற்கும் குளிர்சாதனம், மண் திருமேனியை ஒரே நாளில் வறட்சிக்கும் ஈரத்துக்கும் தள்ளும். மாறாத ஈரத்தில் நூற்றாண்டுகள் பழகிய உருவத்துக்கு இது கொடிது. பக்தருக்குக் காற்று வேண்டும்தான். கருவறைக்கு வெளியே மண்டபத்தில் அதைத் தர முடியும்.

ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் மணிக்கு மணி பதிவு செய்யும் கையடக்கக் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. புன்னைநல்லூர் போன்ற மண் திருமேனிக் கோயில்களிலும், சுதைத் திருமேனி உள்ள பெருமாள் கோயில்களிலும், கடலோரத்து ஆலயங்களிலும் ஒவ்வொன்று வைத்து ஓராண்டு கணக்கெடுத்தால் எந்த மாதத்தில் ஆபத்து, எந்த விழாவில் ஈரம் ஏறுகிறது, தைலக்காப்புக்கு முன்னும் பின்னும் என்ன மாறுகிறது என்பது தெரிந்துவிடும். அர்ச்சகரின் அனுபவத்தோடு அந்தக் கணக்கைச் சேர்த்து எழுதி வைத்தால், பரமசிவன் தொடங்கிய பணி அருங்காட்சியகத்திலிருந்து கருவறை வரை நீளும். செலவு அதிகமில்லை. கோயில் நிர்வாகமும் அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையும் கைகோத்தால் போதும்.

ஒரு தெய்வ உருவத்தைச் செய்து முடித்த நாளில் சிற்பியின் வேலை முடிகிறது. அதை நிலைக்க வைக்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது. அதைச் செய்பவர்களின் பெயர் கல்வெட்டில் வருவதில்லை. ஆனால் ஃபீடியாஸின் சிலை எட்டு நூற்றாண்டு நின்றதும், புற்று மண் அம்மன் டெல்டாவின் அத்தனை மழைக்காலங்களையும் கடந்து அமர்ந்திருப்பதும் அவர்களால்தான். அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமை.